ஆற்றில் மட்டும் சொன்ன பெயர்

இருக்கேன் என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நிற்பவரின் பேரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை, வருஷக்கணக்காகச் செய்த வேலை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் எந்தப் பேர் வரும் என்பதுதான் பயமாக இருக்கிறது. தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது. குளிர் முதலில் எலும்பில்தான் தெரிகிறது, தோலுக்கு அப்புறம்தான் சேதி போகிறது. முன்னால், எங்கள் மலைப் பயணத்துக்கு வழிகாட்டுகிற முப்பிடாதி மூங்கில் கழியை அடியில் ஊன்றி, தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நிற்கிறார். அவர் முதுகுப் பையைப் பிடித்துக்கொண்டு தபால் ஆபீஸ் ஜெபமணி, ஜெபமணி பையைப் பிடித்துக்கொண்டு தாவூது, தாவூது பையைப் பிடித்துக்கொண்டு நான், என் பையைப் பிடித்துக்கொண்டு வடிவு. ஐந்து பேரும் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராக, தண்ணீருக்கு முகம் காட்டிக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து அக்கரைக்குப் போக வேண்டும். முதல் ஆள் தண்ணீரின் அடியை வாங்கிக்கொள்வார், பின்னால் இருப்பவர்கள் அவரைத் தாங்கிக்கொள்வார்கள். முப்பிடாதி ஓரடி வைப்பார், எல்லோரும் ஓரடி வைப்போம், நிற்போம். அவர் திரும்பிப் பார்க்க முடியாது, பார்த்தால் கால் வழுக்கும், அதனால் பேர் சொல்லிக் கூப்பிடுவார். "ஜெபமணி." "இருக்கேன். தாவூது." "இருக்கேன். உலகு." "இருக்கேன்" என்றேன், என் குரல்தான். "வடிவு" என்றேன், அதுவும் என் குரல்தான். "இருக்கேன். முப்பிடாதி" என்று கடைசி ஆள் முதல் ஆளைக் கூப்பிட்டதும் சுற்று முடிந்தது, அடுத்த அடி. ஒரு பேருக்குப் பதில் வரவில்லை என்றால் யாரும் நகரக் கூடாது. பதில் வரும்வரை அப்படியே நிற்க வேண்டும். அதுதான் எங்கள் சட்டம்.

காலையில் இந்த ஆற்றுக்கு இத்தனை கித்தாப்பு இல்லை. வெட்டுக்கல் ஆறு என்று பேர், ஆனால் கணுக்கால்கூட நனையவில்லை, கல்லுக்குக் கல் தாவியே கடந்துவிட்டோம். தாவூது பேன்ட்டை மடித்துவிட்டதற்காகத் தன்னையே கிண்டல் செய்துகொண்டார். எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் ஏமாற்றம். இவ்வளவு தூரம் வந்து வரிசை கட்டாமல், பேர் கூப்பிடாமல் போவதா? நான் மலை பார்க்க வரவில்லை. மலையை என்ன பார்க்க இருக்கிறது, தென்காசியில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற மலைதான். வடிவு வந்து, "மதினி, எத்தன நாளு இந்த ஃபேனையே பாத்துக்கிட்டு கெடப்பிய, வாங்க போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தபோது, வரமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தவள்தான், ஆறு ஞாபகம் வந்தது. ஆற்றில் ஒரு தடவை அந்தப் பேரைச் சொல்லலாம் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். சொல்லி என்ன ஆகப் போகிறது என்று கேட்கலாம். பசிக்கிறவளிடம் சாப்பிட்டு என்ன ஆகப் போகிறது என்று யாராவது கேட்பார்களா? "ஜெபமணி." "இருக்கேன். தாவூது." "இருக்கேன். உலகு." "இருக்கேன். வடிவு." "இருக்கேன். முப்பிடாதி." ஓரடி. உருண்டைக் கல் ஒன்று காலுக்கு அடியில் அசைந்து, அப்புறம் சரி போகட்டும் என்று இடம் கொடுக்கிறது. மத்தியானம் மேலே மழை கொட்டியிருக்கிறது, திரும்பி வந்தபோது ஆறு கரையை அறுத்துக்கொண்டு போனது. முப்பிடாதி அவசரப்படவில்லை. தண்ணீர் விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்துவிட்டு, எல்லோரையும் உட்காரச் சொன்னார். கல்லைவிட்டுத் தண்ணீர் நன்றாக விலகிப் போகிறவரை முறுக்கு தின்றோம். "இப்பப் போலாம். பையோட இடுப்புப் பட்டைய அவுத்து விட்ருங்க, விழுந்தா பைய ஒதறிட்டு வரணும். செருப்பக் கழத்தாதிய. எல மெதந்து வந்தா மட்டும் சொல்லுங்க, மேல மழை விழுதுன்னு அர்த்தம்" என்றார். அப்புறம் ஆட்களை நிறுத்தினார். கடைசி ஆள் யார் என்று வந்தபோது அவர் முகம் கீழே போய்விட்டது. "வடிவு, நீ கடைசில நில்லும்மா" என்று தன் செருப்பைப் பார்த்தே சொன்னார். வடிவு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், கபடி ஆடிய உடம்பு, கடைசிக்குத் தகுந்த ஆள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இடம் அவள் அண்ணனுடையது. எட்டு மாதத்துக்கு முன்னால்வரை இந்த வரிசையின் கடைசி ஆள் என் வீட்டுக்காரர்.

இந்தச் சட்டம் ஆரம்பத்தில் இல்லை. முதலில் எல்லோரும் வீட்டில் கூப்பிடுகிற மாதிரியேதான் கூப்பிட்டோம், அண்ணாச்சி, மதினி, அக்கா, அத்தான் என்று. திருநெல்வேலிச் சீமையில் அண்ணாச்சி என்று ஒரு சத்தம் கொடுத்தால் எத்தனை பேர் திரும்புவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை நடு ஆற்றில் ஜெபமணி, "அண்ணாச்சி" என்று கூப்பிட, தாவூது, எங்க வீட்டுக்காரர், முன்னால் முப்பிடாதி, மூன்று பேரும் இருக்கேன் இருக்கேன் என்று சொல்லிவிட்டார்கள். சுற்று முடிந்துவிட்டது என்று முப்பிடாதி அடியெடுத்து வைக்க, நான் இன்னும் பழைய கல்லிலேயே நிற்க, வரிசை அறுந்து ஜெபமணி தண்ணீரில் போய்விட்டாள். தாவூது பின்னலைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தாள். கரையில் பல் கிடுகிடுக்க முப்பிடாதி சொன்னார், "இனிமே ஆத்துக்குள்ள அண்ணாச்சியும் கெடையாது, மதினியும் கெடையாது. பேரு. வெறும் பேரு. பெரியவுக சின்னவுக எல்லாம் கரைக்கு வந்தப்புறம் பாத்துக்கிடலாம்." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. எனக்குப் பின்னால் நிற்பவர் என் புருஷன் அல்லவா. நான் முப்பிடாதியிடம் போய், "நான் வேணா அவங்களுக்குப் பின்னால நின்னுக்கிடுதேன்" என்றேன். "ஒங்க வெயிட்டுக்குக் கடைசி ஆளா நின்னா ஆறு ஒங்கள தூத்துக்குடிக்குக் கொண்டு போய்ட்டுத்தான் மறுசோலி பாக்கும் மதினி" என்றார். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு என்றால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று எனக்கு யாரும் உட்கார வைத்துப் பாடம் எடுத்ததில்லை. எங்கள் அம்மா சொல்ல மாட்டாள், அத்தைமார் சொல்ல மாட்டார்கள், நானும் சொன்னதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் நடு ரோட்டில் வாடா போடா என்று கூப்பிடுகிறார்கள், கேட்க எனக்கே ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் என் வாயில் அது வராது. ஏங்க. இந்தாங்க. இங்க பாருங்க. யாராவது பேரைக் கேட்டால் மகனைக் கைகாட்டி இவங்க அப்பா என்பேன், அந்த மகன் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்தே. ஆக, சட்டம் வந்த பிறகு வந்த முதல் ஆற்றில், தாவூது உலகு என்று கூப்பிட்டார், நான் இருக்கேன் என்றேன், அதோடு நின்றுவிட்டேன். தண்ணீர் ஓடுகிறது. எல்லோரும் நிற்கிறார்கள். ஆவு என்று மட்டும் வந்தது, மாட்டைக் கூப்பிடுவது போல. "காதுல விழல" என்றார் பின்னாலிருந்து. விழுந்திருக்கும், பாவி. "ஆவுடை" என்று கத்திவிட்டேன். ஆவுடையப்பன் என்பது முழுப் பேர், ஆற்றில் அவ்வளவு நீளத்துக்கு மூச்சு கிடையாது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. விழுந்துவிட்டாரோ என்று பயந்துவிட்டேன். மறுபடியும் "ஆவுடை" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "இருக்கேன் தாயி" என்றார் நிதானமாக. கரை ஏறியதும் முப்பிடாதி அவரைப் பிடிபிடி என்று பிடித்தார், ஏன் முதல் தடவையே பதில் சொல்லவில்லை, ஆற்றில் என்ன விளையாட்டு என்று. திட்டு முடிந்ததும் என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே மெதுவாகச் சொன்னார், "வீட்லதான் ஏங்க ஓங்கன்னு ஓட்டுத. ஒன் வாயில எம் பேரு நல்லாத்தான்ளா இருக்கு. ரெண்டாவது வாட்டி கேக்கணும்போல இருந்துச்சு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆற்றிலும் அப்படித்தான். ஒரே ஒரு சுற்றில், எந்தச் சுற்று என்று எனக்குத் தெரியாது, முதல் தடவை கூப்பிட்டால் பதில் வராது. எனக்குப் பயம் போய் எரிச்சல் வந்து, எரிச்சல் போய் அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். வேண்டுமென்றே கோபமாக இரண்டாவது தடவை கூப்பிடுவேன். தாவூது முன்னால் நின்று, "ரெண்டுபேரும் வீட்டுக்குப் போய்க் கொஞ்சுங்கவே, எனக்குக் காலு வெறைக்கி" என்பார். வருஷத்துக்கு ஒரு மலை, மலைக்கு ஓர் ஆறு. என் கல்யாண வாழ்க்கையில் அவர் பேரை நான் சொன்ன நேரத்தை எல்லாம் கூட்டினாலும் ஒரு காப்பி ஆறுகிற நேரம்தான் இருக்கும். "ஜெபமணி." "இருக்கேன். தாவூது." தாவூதின் குரல் இப்போது முன்போல இல்லை, "இருக்கேன். உலகு" என்று ஒழுங்காக, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சொல்கிறார், கிண்டல் செய்ய ஆளில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவரோடு சேர்ந்து சுற்றியவர். "இருக்கேன். வடிவு." வாய் சரியாகத்தான் சொல்கிறது. ஒவ்வொரு தடவை வடிவு என்று சொல்லும்போதும் பந்தியில் அவர் உட்கார்ந்த இலையை எடுத்துவிட்டு வேறு இலை போடுகிற மாதிரி இருக்கிறது. வடிவு என்ன செய்வாள், அவள்மீது ஒரு குற்றமும் இல்லை. "இருக்கேன். முப்பிடாதி." ஓரடி. தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் சின்னப் பெண். இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை அவர். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்று டாக்டர் மகனிடம் இங்கிலீஷில் சொன்னார், எனக்குப் புரியாது என்று நினைத்து. அந்தப் பெண்தான் பக்கத்தில் வந்து, "கூப்பிட்டுப் பாருங்கம்மா, தெரிஞ்ச கொரலு கேட்டா சில சமயம் முழிப்பாங்க" என்றாள். மகன் அப்பா என்று கூப்பிட்டான். வடிவு அண்ணே என்று கூப்பிட்டாள். நான் ஏங்க என்றேன். ஏங்க என்றால் அவருக்கு எப்படிக் கேட்கும், அந்தப் பெரிய ஹாலில் எத்தனை பேருக்கு யார் யாரோ ஏங்க. நர்ஸ் சொன்னாள், "பேரச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா." எனக்கு ஆறுதான் தெரிந்தது. ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, வரிசை நிற்கிறது, நான் சொல்ல வேண்டும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ஆவுடை" என்றேன். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான், அவன் பிறந்ததிலிருந்து கேட்காத சத்தம். பக்கத்துக் கட்டில்காரர்களும் பார்த்தார்கள். பதில் இல்லை. பதில் இல்லை என்றதும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். ஒரு நொடி. சிரிப்புகூட வந்துவிட்டது. விளையாடுகிறார், இரண்டாவது தடவைக்குக் காத்திருக்கிறார் என்று. "ஆவுடை" என்று இரண்டாவது தடவை கூப்பிட்டேன், ஆற்றில் கூப்பிடுகிற அதே கோபத்தோடு, அதே சத்தத்தோடு. அவர் தோள் குலுங்குகிறதா என்று பார்த்தேன். தோள் குலுங்கவில்லை. மறுநாள் விடிய முகத்தைத் துணியால் மூடிவிட்டார்கள்.

பதில் வராவிட்டால் நகரக் கூடாது என்பது சட்டம். நான் நகரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள், பதினாறு கும்பிட்டார்கள், வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள், மகன் லீவு முடிந்து பெங்களூர் போனான், போன் பண்ணுகிறான், சாப்பிட்டியாம்மா என்கிறான், சாப்பிட்டேன் என்கிறேன். எல்லோரும் அக்கரைக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் அந்தக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் மனசைத் தேத்திக்கோங்க என்பார்கள், அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கை பரபரக்கிறது. இன்னொன்று, அந்தப் பேர் வீட்டில் எங்கேயும் இல்லை. மகனுக்கு அப்பா, வடிவுக்கு அண்ணன், முப்பிடாதிக்கு அண்ணாச்சி, தாவூதுக்கு என்னவே, எனக்கு அவங்க. அவர் அம்மா ஒருத்திதான் பேர் சொல்லிக் கூப்பிட்டவள், அவளும் போய்ப் பல காலமாகிறது. கேஸ் சிலிண்டர்காரன் மட்டும் வாசலில் நின்று ஆவுடையப்பன் என்று சத்தம் போடுவான். நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, சத்தம் காட்டாமல், திறக்காமல் இருப்பேன். அவன் இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் திறப்பேன். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. போன மாதம் மகன் நல்ல எண்ணத்தில் கனெக்ஷனை என் பேருக்கு மாற்றிவிட்டான். இப்போது சிலிண்டர்காரன் உலகம்மா என்று கூப்பிடுகிறான். உடனே திறந்துவிடுகிறேன், என்ன இருக்கிறது அதில்.

நடு ஆறு. இங்கேதான் இழுப்பு அதிகம். தண்ணீர் காலுக்கு அடியிலிருந்து மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு போகிறது, நின்ற இடத்திலேயே பள்ளம் விழுகிறது. சொல்லக் கூடாது. இப்போது நன்றாகத் தெரிகிறது, சொல்லவே கூடாது. சொன்னால் பதில் வராது, பதில் வராவிட்டால் வரிசை நிற்கும், இந்த இழுப்பில் ஐந்து பேர் நிற்க வேண்டும். ஜெபமணிக்கு மூட்டு வலி, காலையிலிருந்தே தைலம் மணக்கிறது. அவளுக்குக் கல்யாணம் ஆகாத மகள் இருக்கிறாள். தாவூதுக்குச் சர்க்கரை. என் ஆசைக்கு இவர்களை நிறுத்தி வைக்க எனக்கு என்ன உரிமை? வேறு எங்காவது சொல்லிக்கொள்ளலாம். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தவள்தானே, சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. வேண்டாம். அக்கரையில் வேன் நிற்கிறது, டிரைவர் பானட்டில் சாய்ந்துகொண்டு எங்களைப் பார்க்கிறான், சூடாக டீ வாங்கித் தருவார்கள், வீட்டுக்குப் போய் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்துவிடலாம். "ஜெபமணி." "இருக்கேன். தாவூது." என் இடது கால் கல்லின் பாசியில் பட்டு வழுக்கியது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னாலிருந்து இரண்டு கைகள் என் பையின் பட்டைகளைத் தோளோடு சேர்த்து இறுக்கிப் பிடித்து நிமிர்த்தின. கடைக்கண்ணில் அந்த விரல்கள் தெரிந்தன. அகலமான நகம், வெளிப்பக்கம் வளைந்த கட்டைவிரல். அந்தக் குடும்பத்துக் கை. இப்படியே, இதே அழுத்தத்தில், இதே இடத்தில், எத்தனை ஆறுகளில் பிடித்த கை. "இருக்கேன். உலகு" என்றார் தாவூது. "இருக்கேன்" என்றேன். "ஆவுடை" என்றேன்.

என் வாயை நான் பொத்தவில்லை, கை தாவூதின் பையில் இருந்தது. தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். என் தோளில் இருந்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. தாவூதின் முதுகு விறைத்தது. சுற்று வந்து சேரவில்லை என்பதால் முப்பிடாதி கால் எடுக்கவில்லை. சட்டத்தை உண்டாக்கியவர் அவர்தான். ஏதாவது சொல்வார், மதினி என்னாச்சு என்பார், திட்டுவார் என்று நான் காத்திருக்க, மனசின் வேறொரு மூலை அதற்கு அல்ல, பின்னாலிருந்து வர வேண்டிய சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது. இத்தனையும் நடந்த பிறகும் அந்த மூலை நம்புகிறது, முதல் தடவை பதில் சொல்ல மாட்டார், இரண்டாவது தடவைதான் என்று. "ஆவுடை" என்று கத்தினேன். மலை வாங்கிக்கொண்டது, திருப்பிக்கூடத் தரவில்லை. ஜெபமணி விசும்புகிற சத்தம் கேட்டது. அப்போது முன்னாலிருந்து முப்பிடாதி திரும்பாமலே சொன்னார், "யாரும் அசையாதிய. நில்லுங்க. அண்ணாச்சி வரட்டும்."

நின்றார்கள். எட்டு மாதமாக நான் தனியாக நின்ற இடத்தில் இப்போது ஐந்து பேர் நின்றோம். யாரும் தேறிக்கொள் என்று சொல்லவில்லை, விதி என்று சொல்லவில்லை, தொடை விறைக்கத் தண்ணீரில் நின்றார்கள், அவ்வளவுதான். தாவூதின் பை என் கைக்குள் குலுங்கியது, அவர் அழுகிறார். இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் இல்லை என்றால் கூப்பிட்டவர் மட்டும் திரும்பிப் பார்க்கலாம், அதுவும் சட்டத்தில் உண்டு. இத்தனை வருஷத்தில் அதற்கு அவசியமே வந்ததில்லை. கழுத்தை மட்டும் திருப்பினேன். வடிவு உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணீரைத் துடைக்கக் கையை எடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்தால் நான் விழுந்துவிடுவேன் என்று எடுக்கவில்லை. அவள் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். பாறைக்கு நடுவில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. நன்றாகப் பார்த்தேன், அவசரப்படாமல் பார்த்தேன். யாரும் இல்லை. முகத்தை முன்னால் திருப்பியபோது மஞ்சளாக ஓர் இலை முப்பிடாதியின் கழியில் தட்டி, சுற்றி, எங்கள் கால்களுக்கு நடுவே போனது. பின்னாலேயே இரண்டு. அப்புறம் கொத்தாக, குச்சியோடு. தண்ணீரின் நிறம் தேயிலை போட்ட மாதிரி மாற ஆரம்பித்திருந்தது. முப்பிடாதி இருக்கும் இடத்துக்கு அது என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கும். இலை வந்தால் சொல்லுங்கள் என்றவர் ஒன்றும் சொல்லவில்லை. கழியைக் கொஞ்சம் ஆழமாக அழுத்தி ஊன்றிக்கொண்டார். நான் சொல்கிறவரை இவர்கள் நிற்பார்கள். தண்ணீர் இடுப்புக்கு வந்தாலும் நிற்பார்கள், மடையர்கள். என் தோளில் இருந்த பிடி ஒரு விரல் வழுக்கி, திரும்ப இறுகியது. எனக்கு அந்தப் பேரைக் கீழே வைக்க இடமில்லை. இங்கேதான் எடுத்தேன், வைப்பதென்றாலும் இங்கேதான் வைக்க வேண்டும். மூன்றாவது தடவை கூப்பிடுகிற பழக்கம் எங்களுக்கு இருந்ததில்லை. ஏங்க என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன், தண்ணீர்ச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. அப்புறம் மூச்சை இழுத்து, முன்னால் பார்த்தபடி, "வடிவு" என்றேன். "இருக்கேன் மதினி" என்றாள். ஆற்றில் மதினி கிடையாது, சட்டம் தெரியாதவள் இல்லை அவள், ஆனால் யாரும் அவளைத் திருத்தவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொண்டு, "முப்பிடாதி" என்று சத்தமாகக் கூப்பிட்டாள். "இருக்கேன்" என்றார் முப்பிடாதி. கழியைப் பிடுங்கித் தள்ளி ஊன்றினார். நாங்கள் ஐந்து பேரும் ஓரடி நகர்ந்தோம். அவர் நகரவில்லை.